24.03.2020 இரவு: கடை சாத்துவதற்குள் என்ன வாங்கினீர்கள்?

உறையூரான் | 24 மார்ச் 2025, இரவு 8:05

சரியாக 5 வருஷம் ஆகிவிட்டது. பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தபோது ரேஷன் கார்டு உறைக்குள் நாலாக மடித்த காகிதம் ஒன்று கிடைத்தது. அப்பாவின் கையெழுத்து. மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே 24.3.20 செவ்வாய். மளிகைச் சீட்டு.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுதாமல் ஒரு தீப்பெட்டிகூட வாங்க மாட்டார். வாங்கியதற்கு டிக், கிடைக்காததற்கு ஒரு சின்ன வட்டம். அன்றைக்குத் தமிழ்நாட்டில் மாலை 6 மணிக்கே 144 வந்துவிட்டது. எட்டு மணிக்குப் பிரதமர் பேசுகிறார் என்றதும், 2016 நவம்பரில் ஐந்நூறு ஆயிரம் செல்லாது என்று சொன்னதும் இதே எட்டு மணிதான் என்று அப்பா சொன்னாராம். எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. திரையின் கீழே ஓடிய வரியில் 21 நாள் ஊரடங்கு என்று பார்த்ததும் அம்மா சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டு சைக்கிளை எடுத்துவிட்டார்.

சீட்டில் இருப்பது இதுதான்: இட்லி அரிசி 10, பச்சரிசி 5, து.ப. 3, உ.ப. 2, ரவை 2 (வட்டம்), சேமியா 4, புளி கொ. 2, வ.மி. 1, மல்லி 1, ந.எ. 2, க.எ. 3, உப்பு 3, சோப்பு 6, தீப்பெட்டி 1 பண்டல், தா.க. 1 (வட்டம்).

கடைசியில் இருக்கிற அந்த "தா.க." என்னவென்று புரியவில்லை. அம்மாவிடம் கேட்டால், "எனக்கென்ன தெரியும், உங்கப்பா எழுத்து உங்கப்பாவுக்குத்தான் தெரியும்" என்கிறார். அப்பா 2022-ல் போய்விட்டார். கொரோனா இல்லை, இதயம்.

சரி, நீங்கள் அன்றைக்கு என்ன வாங்கினீர்கள்? அதைச் சொல்லுங்கள். தா.க. தெரிந்தாலும் சொல்லுங்கள்.

வேப்பம்பூ | இரவு 8:31

நாங்கள் கோவை, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். மறுநாள் யுகாதி. ஊரே அரிசி பருப்புக்கு அலைந்தது, என் மாமியார் மாங்காய்க்கு அலைந்தார். வேப்பம்பூ பக்கத்துத் தெரு மரத்திலேயே இருந்தது, வெல்லம் வீட்டில் இருந்தது. மாங்காய் மட்டும் இல்லை. தள்ளுவண்டிக்காரர் எல்லாவற்றையும் கட்டிக் கிளம்பும்போது பிடித்து ஒன்றே ஒன்று வாங்கினோம். அதுவும் கொஞ்சம் பழுத்தது. பச்சடியில் புளிப்பு ஏறவே இல்லை. அந்த வருஷம் முழுக்க எது நடந்தாலும் மாமியார் அந்த மாங்காயைத்தான் குறை சொன்னார்.

தா.க. = தாளிக்கக் கடுகு?

நடுப்பெஞ்ச் | இரவு 8:40

அன்றைக்குக் காலையில் எனக்குப் பிளஸ் டூ கடைசிப் பரீட்சை, கெமிஸ்ட்ரி. பஸ் குறைந்துவிட்டது என்று அண்ணன் வண்டியில் கொண்டுவந்து விட்டான். பஸ் கிடைக்காமலும் பயத்திலும் மாநிலம் முழுக்க முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அன்று எழுதவில்லை. அவர்களுக்காக ஜூலை 27-ல் மறுதேர்வு வைத்தார்கள். எங்கள் பெஞ்சில் ஒருத்தனும் அதில் உண்டு.

நான் வாங்கியது ஒரு ரோஸ்மில்க். நாலு பேருக்கு ஒன்று. ஒரே ஸ்ட்ரா. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

கல்லாப்பெட்டி | இரவு 9:12

நான் மளிகைக் கடைக்காரன். திண்டுக்கல் பக்கம் ஒரு பேரூராட்சி. அப்பா காலத்துக் கடை. எல்லாரும் வாங்கின கதை சொல்கிறீர்கள், நான் விற்ற கதை சொல்கிறேன்.

அன்றைக்கு எட்டேகால் வரைக்கும் கடையில் நாலு பேர். எட்டரைக்கு ஷட்டருக்கு வெளியே தலையாகத் தெரிந்தது. முதலில் தீர்ந்தது என்ன தெரியுமா? அரிசி இல்லை. ரவை, மைதா, சேமியா. சீட்டில் ரவைக்கு வட்டம் போட்டிருக்கிறதே, உங்கள் அப்பா போன கடையிலும் அதே கதைதான் நடந்திருக்கும். அரிசி மூட்டைகள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், அதனால் பதற்றம் வராது. ரவை டின் பாதி காலியானதும் ஒருவர் 5 கிலோ என்றார், அவ்வளவுதான், பின்னால் இருந்தவர் எல்லாரும் 5 கிலோ. வேண்டுமா வேண்டாமா என்று யாரும் யோசிக்கவில்லை. ஒரு பெரியவர் ரவை வாங்கிவிட்டு, "எனக்குச் சர்க்கரை, உப்புமா ஆகாது" என்று அவரே சொல்லிச் சிரித்தார். திருப்பித் தரவில்லை.

அடுத்த வாரம் மிளகு, சுக்கு, மஞ்சள், ஓமம். கஷாயம். வருஷத்துக்கு விற்கிற சுக்கு பத்து நாளில் போனது.

உறையூரானுக்கு ஒரு கேள்வி. "புளி கொ." என்றால் கொட்டைப் புளிதானே? டவுனில் கொட்டை எடுத்த புளிதான் வாங்குவார்கள். கொட்டையோடு 2 கிலோ எதற்கு?

தா.க. என்று எங்கள் கடைக்கு வரும் சீட்டில் எழுதினால் தாம்புக் கயிறு. வீட்டில் கிணறு உண்டா?

உறையூரான் | இரவு 9:20

கிணறு உண்டு. ஆனால் மோட்டார் போட்டு இருபது வருஷமாச்சு. கரண்ட் போய்விடும் என்று பயந்து கயிறு எழுதினாரோ? அப்பா அப்படி யோசிக்கிற ஆள்தான்.

கொட்டைப் புளி பற்றி அம்மாவிடம் கேட்கிறேன்.

வேளச்சேரி வெயில் | இரவு 9:48

கல்லாப்பெட்டி அண்ணே, உங்களைச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருக் கடையில் அன்றைக்கு இரவே தக்காளி விலை இரண்டு மடங்கு. மறுநாள் முட்டைக்கோஸ் ஒன்று 80. கேட்டால் "வேணும்னா எடு". 144 போட்டு இரண்டு மணி நேரத்தில் எந்த லாரி நின்றுபோனது? அதே சரக்குதானே?

கல்லாப்பெட்டி | இரவு 10:05

தம்பி, ஏற்றினவன் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் ஊரிலேயே உண்டு. இன்னொரு பக்கமும் கேளுங்கள். மறுநாள் காலை எனக்குச் சரக்கு அனுப்புகிற மண்டி, பழைய பாக்கி முழுக்க ரொக்கமாகக் கட்டினால்தான் அடுத்த மூட்டை என்றது. அதுவரை இருபது நாள் கடன் தருவார்கள். லாரி வாடகை ஒன்றரை மடங்கு, ஏனென்றால் திரும்பி வரும்போது வண்டி காலி. செக்போஸ்ட்டில் டிரைவருக்குச் சாப்பாடு கிடையாது, ஹோட்டல் எல்லாம் மூடியாச்சு. எங்கள் வீட்டிலிருந்து புளிச்சாதம் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். முதலில் மதியம் 2:30 வரை கடை, ஏப்ரல் 5-லிருந்து 1 மணி வரைதான். பாதி நேரத்தில் முழு வியாபாரம்.

கடைக்கு முன்னால் வட்டம் போடச் சொன்னார்கள் அல்லவா, என் வீட்டுக்காரம்மா கோலமாவில் போட்டாள். முதல் நாள் ஆள் வட்டத்துக்குள் நின்றார்கள். இரண்டாம் நாள் வெயில். வட்டத்துக்குள் ஒரு மஞ்சப்பை, ஒரு செருப்பு, ஒரு கல், ஒரு காலி எண்ணெய்க் கேன். ஆட்கள் எல்லாரும் எதிர்த் திண்ணை நிழலில் ஒட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பைகள் மட்டும் இடைவெளி விட்டு நின்றன.

முட்டைக்கணக்கு | இரவு 10:11

நாமக்கல்லிலிருந்து. கோழி சாப்பிட்டால் கொரோனா வரும் என்று எவனோ வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட்டு, மார்ச் மாதம் பண்ணையில் முட்டை விலை 2 ரூபாய்ப் பக்கம் வந்து நின்றது. தீவனச் செலவுக்குக்கூடக் கட்டாத விலை. விலை ஏறினதை எல்லாரும் எழுதுகிறீர்கள், இறங்கினதை யாராவது எழுத வேண்டுமே என்று எழுதினேன். ஏப்ரலில் மறுபடி எல்லாருக்கும் கோழி ஞாபகம் வந்துவிட்டது.

மெடிக்கல்காரர் | இரவு 10:30

மருந்துக் கடை. நாங்கள் ஒரு நாளும் சாத்தவில்லை.

மாஸ்க்கும் சானிடைசரும் மார்ச் 13-லேயே அத்தியாவசியப் பொருள் பட்டியலில் வந்தாச்சு. 21-ம் தேதி விலையும் வைத்தார்கள்: மூன்றடுக்கு மாஸ்க் 10 ரூபாய், 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய். விலை வந்தது, சரக்கு வரவில்லை. எனக்கு வாங்குகிற விலையே அதற்கு மேல். வாசலில் "மாஸ்க் இல்லை" என்று அட்டை தொங்கவிட்டேன். அந்த அட்டையைப் படித்துவிட்டு உள்ளே வந்து "மாஸ்க் இருக்கா?" என்று கேட்பார்கள்.

மறக்க முடியாதது வேறு. ஹைட்ராக்ஸி குளோரோகுயின் மலேரியாவுக்கும் முடக்குவாதத்துக்கும் லூபஸுக்கும் கொடுக்கிற மாத்திரை. டிரம்ப் அதைப் புகழ்ந்து பேசியதும் நல்ல உடம்போடு இருப்பவர்கள் பத்து அட்டை கேட்டார்கள். மார்ச் 26-ல் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. அதற்குள் என் அலமாரி காலி. மாதாமாதம் வாங்குகிற ஒரு லூபஸ் நோயாளிப் பெண், பள்ளிக்கூட டீச்சர், ஏப்ரல் முதல் வாரத்தில் வந்து நின்றார். இல்லை என்றேன். ஒன்றும் சொல்லாமல் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். 23-ம் தேதி யாருக்கோ ஐந்து அட்டை எடுத்துக் கொடுத்தது நான்தான். இப்போதும் சில மருந்துகளில் ஒரு அட்டையைத் தனியாக எடுத்து வைப்பேன்.

நாலுமணிப்பூ | இரவு 10:52

நிலக்கோட்டைப் பக்கம் மல்லித் தோட்டம். பங்குனி, சித்திரைதான் எங்களுக்குச் சீசன். கோயில், கல்யாணம், திருவிழா எல்லாம் நின்றுபோனது. 25-ம் தேதி விடிகாலை வழக்கம்போல மொக்கு பறித்துவிட்டோம், கை பழக்கம். கொண்டுபோக இடம் இல்லை. அடுத்த நாளிலிருந்து பறிக்கவில்லை.

பறிக்காத மல்லி சாயங்காலம் செடியிலேயே விரியும். எத்தனையோ வருஷமாகப் பூ விவசாயம், ஆனால் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் விரிந்து நான் பார்த்ததே இல்லை, மொக்கிலேயே போய்விடுமே. வாசனை ஊருக்குள் வந்து வீட்டுக்குள் வந்து தலைவலி வந்தது. அப்புறம் பணம் கொடுத்து ஆள் வைத்துப் பறித்துக் குப்பையில் கொட்டினோம், இல்லாவிட்டால் செடி கெட்டுவிடும். பூவுக்குக் காசு கொடுத்து வாங்கித்தான் பழக்கம் உங்களுக்கு. பூவைக் காசு கொடுத்துத் தள்ளினது நாங்கள்.

வாங்கினது: ஒன்றும் இல்லை. உரக்கடைக்காரர் வாங்கின கடனைக் கேட்டார்.

பனியன் ஊர் | இரவு 11:20

இழை நன்றாகப் போகிறது. குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். "21 நாளுக்கு என்ன வாங்கினீர்கள்" என்ற கேள்வியே 21 நாளுக்கு வாங்கக் கையில் காசு இருந்தவர்களுக்கான கேள்வி.

நான் அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். எங்களுக்கு வாரச் சம்பளம், சனிக்கிழமை. 24 செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை வாங்கினதில் வாடகை பாக்கி, சீட்டு, ஊருக்கு அனுப்பியது போக என் கையில் 340 ரூபாய். அடுத்த சனிக்கிழமை கம்பெனி கேட் பூட்டியிருந்தது. நானும் அன்றைக்கு எட்டரை மணிக்குக் கடைக்கு ஓடினேன். எனக்கு முன்னால் நின்றவர் ஒரு மூட்டை அரிசி, ஒரு டின் எண்ணெய். என் முறை வந்தபோது 2 கிலோ அரிசி, கால் கிலோ பருப்பு, குழந்தைக்குப் பால் பவுடர். அதோடு சரி.

அரசு ஏப்ரலில் 1,000 ரூபாயும் இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் ரேஷனில் கொடுத்தது. வீடுவீடாக டோக்கன். எங்கள் கார்டு உசிலம்பட்டியில். எந்தக் கடையிலும் வாங்கலாம் என்ற திட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது அந்த வருஷம் அக்டோபரில். ஏப்ரலில் எங்கள் அரிசி உசிலம்பட்டியில், நாங்கள் திருப்பூரில், நடுவில் மூன்று மாவட்டப் போலீஸ்.

பக்கத்து அறையில் ஒடிசாப் பையன்கள் ஐந்து பேர். அவர்களுக்குக் கார்டே கிடையாது. ஒரு மூட்டை உருளைக்கிழங்கு மட்டும் எப்படியோ வைத்திருந்தார்கள். என் மனைவி சோறு வடித்தால் அவர்கள் கிழங்கு வேகவைப்பார்கள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவோம். கடுகெண்ணெய் ஊற்றிப் பச்சை மிளகாய் போட்டுப் பிசைவார்கள். முதல் நாள் அந்த நெடி எனக்கு ஆகவில்லை. மே மாதம் சிறப்பு ரயிலில் அவர்கள் ஊருக்குப் போன பிறகு என் பையன் அந்த உருளைக்கிழங்கைக் கேட்டு அழுதான். இப்போதும் வீட்டில் கடுகெண்ணெய் ஒரு பாட்டில் இருக்கிறது.

வேளச்சேரி வெயில் | இரவு 11:31

மூட்டை வாங்கினவர்களில் நானும் ஒருத்தன். ஒன்றும் சொல்வதற்கில்லை.

கல்லாப்பெட்டி | இரவு 11:44

பனியன் ஊர் சொன்னது சத்தியம். அன்று இரவு என் கடையில் பெரிய பைகளோடு முட்டிக்கொண்டு நின்றவர்கள் யாரும் கடன் நோட்டுக்காரர்கள் இல்லை. நோட்டுக்காரர்கள் வந்தது 30-ம் தேதிக்கு மேல்தான். அதுவும் கடை சாத்தப்போகிற நேரத்தில், கூட்டம் போன பிறகு. கொத்தனார், பெயின்டர், பந்தல்காரர், நாதஸ்வரம் வாசிக்கிறவர் ஒருவர். முகூர்த்த சீசன் முழுக்க அட்வான்ஸ் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தது அவருக்கு. ஒரு கிலோ அரிசி கேட்கப் பத்து நிமிஷம் ஊர்க்கதை பேசுவார்.

அந்த வருஷ நோட்டில் இன்னும் 11 பேர் பாக்கி. அந்த நோட்டை நான் எடுப்பதில்லை. எரிக்கவும் இல்லை. கடைக்காரன் அல்லவா.

நெறியாளர் | இரவு 11:50

தக்காளி விலை பற்றி இன்னும் நாலு பேர் சண்டைக்கு வந்திருந்தார்கள். அந்தப் பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். டாஸ்மாக் பதிவுகள் 17. அவற்றையும்தான்.

குவார்ட்டர் கணேசன் | இரவு 11:58

அய்யா, ஒரே ஒரு வரி. மே 7-ல் கடை திறந்தபோது 50 வயதுக்கு மேல் இருப்பவர்களுக்குக் காலை 10 முதல் 1 வரை என்று நேரம் வைத்தார்கள். அன்றைக்குத்தான் எங்கள் தெருவில் யாருக்கு என்ன வயசு என்று தெரிந்தது. சீனியர் சிட்டிசன் என்றால் சண்டைக்கு வருகிற ஒருவர் ஆதாரைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நின்றார். மறுநாள் கோர்ட் மூடச் சொல்லிவிட்டது. அவ்வளவுதான், போய்விட்டேன்.

தேக்கா ராசா | 25 மார்ச், அதிகாலை 1:15

இங்கே சிங்கப்பூரில் 24-ம் தேதி எங்களுக்குச் சாதாரண வேலை நாள். துவாஸ் சைட். ஊரில் எல்லாம் சாத்திவிட்டார்கள் என்று போனில் பார்த்துக்கொண்டே வெல்டிங் அடித்தேன். நாம் தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். ஏப்ரல் 5-ல் தொழிலாளர்கள் தங்குகிற இரண்டு பெரிய டார்மிட்டரிகளைத் தனிமைப்படுத்தினார்கள், 7-ம் தேதி முதல் ஊர் முழுக்க அடைப்பு. கொஞ்ச நாளில் எங்கள் டார்மும் பூட்டியாச்சு. ஒரு அறையில் 12 பேர். ஊரில் இருந்தவர்கள் வாசல்படியிலாவது நின்றார்கள். எங்களுக்கு வராந்தாவில் நிற்கவும் நேரம் போட்டிருந்தார்கள்.

சாப்பாடு பொட்டலமாக வரும். அதைக் குறை சொல்லக்கூடாது, வேளாவேளைக்கு வந்தது. சம்பளமும் எங்கள் கம்பெனியில் அடிப்படைச் சம்பளம் வந்தது. ஆனால் இரண்டு மாதம் தாளித்த வாசனை இல்லை. அறையில் ஒரு கூட்டாளி, புதுக்கோட்டைக்காரர், அடைப்புக்கு முந்தின ஞாயிறு தேக்காவில் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் வாங்கி வைத்திருந்தார். 12 பேருக்கு ஒரு பாட்டில். ஸ்பூன் கணக்கு. ஒருவர் ஒரு ஸ்பூன் கூட எடுத்தார் என்று ஒருநாள் கைகலப்பு. மறுநாள் எடுத்தவரே எல்லார் துணியையும் துவைத்துப் போட்டார்.

தா.க. தாயத்துக் கயிறா? அந்த நேரத்தில் நிறையப் பேர் கட்டினார்களே.

பனங்கொட்டை | அதிகாலை 2:03

யாழ்ப்பாணத்தில இருந்து. எங்களுக்கு 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை பின்னேரம் 6 மணிக்கே ஊரடங்கு. உங்கட ஆக்கள் புதுசாப் பாத்த சொல்லு, எங்களுக்கு பள்ளிக்கூடத்திலேயே பழகின சொல்லு. அரியாலையில நடந்த ஆராதனைக்கு சுவிசில இருந்து வந்த போதகருக்குத் தொற்று எண்டு தெரிய வந்ததும் யாழ்ப்பாணத்தை விசேடமா இறுக்கிப் பிடிச்சவை.

ஊரடங்கைத் தளர்த்தின சில மணித்தியாலத்தில சங்கக்கடையில வரிசை. எல்லாரும் அரிசி, மா, சீனி, பருப்பு. என்ர அம்மா சவுக்காரம் இருபது கட்டியும், மெழுகுதிரியும், நெருப்புப்பெட்டியும் வாங்கிக்கொண்டு வந்தா. கரண்ட் இருக்கு, அம்மா, இது நோய், சண்டை இல்லை எண்டு சொன்னன். "உனக்குத் தெரியாது, முதலில இல்லாமப் போறது இதுதான்" எண்டா. 90களில பொருளாதாரத் தடை இருந்தபோது சவுக்காரமும் மண்ணெண்ணெயும் பட்ட பாடு அவவுக்கு. அந்தச் சவுக்காரம் 2022 வரைக்கும் காணும். 2022ல எங்கட நாட்டில உண்மையா ஒண்டும் இல்லாமப் போனபோது, அம்மா பெட்டியைத் திறந்து எனக்கு ஒரு கட்டி எடுத்துத் தந்தா. ஒண்டும் கதைக்கேல்லை.

உறையூரான்ர அப்பாவும் தீப்பெட்டி ஒரு பண்டல் வாங்கியிருக்கிறார். அவரும் எங்கயோ ஏதோ பாத்த ஆள்தான்.

சித்திரை வீதி | காலை 7:20

மதுரை. அன்றைக்கு ஏதோ வாங்கினோம், ஞாபகம் இல்லை. மறுநாள்தான் தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம், எங்கள் ஊர் ராஜாஜி மருத்துவமனையில். அதுவரை டிவியில் இருந்தது தெருவுக்கு வந்துவிட்டது.

எனக்கு நினைவில் இருப்பது மே 4. மீனாட்சி திருக்கல்யாணம். கோயிலுக்குள் பட்டர்கள் மட்டும், நாங்கள் போனில் பார்த்தோம். அந்த நேரத்தில்தான் பெண்கள் புதுத் தாலிக் கயிறு மாற்றுவார்கள். கயிறு விற்கிற கடை எதுவும் இல்லை. என் அத்தை வெள்ளை நூலை எடுத்து மஞ்சள் அரைத்துத் தோய்த்துக் கொடியில் காயப்போட்டு எங்கள் வளவில் ஒன்பது பேருக்குக் கொடுத்தார். ஒருத்தி வீட்டில் சிக்னல் விட்டுவிட்டது, அவள் பத்து நிமிஷம் தாமதமாகக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பரிகாரம் உண்டா என்று ஒரு வாரம் விசாரணை.

எனக்குத் தோன்றுகிறது, தா.க. = தாலிக் கயிறு. மளிகைக் கடையில் கிடைக்கிற பொருள்தான்.

கல்லாப்பெட்டி | காலை 7:45

அட! சரியாக இருக்கிறதே. நானும் வைத்திருக்கிறேன், கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். தாம்புக் கயிறை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வேப்பம்பூ | காலை 7:52

அன்றைக்குப் பங்குனி அமாவாசை. அமாவாசையில் யாராவது தாலிக் கயிறு வாங்குவார்களா? எங்கள் வீட்டில் கொன்றுவிடுவார்கள்.

உறையூரான் | காலை 10:15

எல்லாருக்கும் நன்றி. இப்போதுதான் முழு இழையையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மல்லி விரிந்த கதையை இரண்டு தரம் படிக்கச் சொன்னார். பனியன் ஊர் எழுதியதற்கு, "அந்தப் புள்ளைங்க இப்ப எங்க இருக்காங்களாம்?" என்று கேட்டார்.

நான் அந்த இரவு வேளச்சேரியில் அறையில் இருந்தேன். 23-ம் தேதி கோயம்பேடு வரைக்கும் போனேன். உள்ளே நிற்க இடமில்லை, ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னல் வழியாகவும் பை போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தக் கூட்டத்தில் போய் அப்பா அம்மாவுக்கு ஒட்டவைத்துவிடுவோம் என்று திரும்பிவிட்டேன். பத்து நாள்தானே என்று நினைத்தேன். இ-பாஸ் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்கும் என்று ஆகஸ்ட் 17-ல் ஆனபிறகுதான் திருச்சி போனேன். அதனால் அந்த ஐந்து மாதம் இந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு நேரில் தெரியாது. தினம் போனில் கேட்பேன், "நல்லா இருக்கோம்" என்பார்கள். அவ்வளவுதான்.

சரி, புளிக்கு வருகிறேன். கொட்டைப் புளி எதற்கு என்று கல்லாப்பெட்டி கேட்டதைப் படித்ததும் அம்மா ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம், "கொட்டை எடுத்த புளி தீந்துபோச்சுன்னு நெனச்சியா? அவரு வேணும்னே கேட்டு வாங்கினாரு" என்றார். மூன்று வாரம் வெளியே போகமுடியாது, சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும், புளி தட்டிக் கொட்டை எடுக்க இரண்டு நாள் ஆகும், அதற்காகவாம். பணிமனையில் வேலை பார்த்த மனுஷனுக்கு இரண்டு கைக்கும் வேலை வேண்டும். பின்கட்டில் சாக்கை விரித்துச் சுத்தியலால் தட்டியிருக்கிறார். அம்மா அரிவாள்மணையில்.

தா.க. தாயக்கட்டை. வீட்டில் இருந்த பித்தளைக் கட்டையில் ஒன்று எப்போதோ தொலைந்துபோயிருக்கிறது, எனக்கு அது வீட்டில் இருந்ததே தெரியாது. மளிகைக் கடையில் தாயக்கட்டை எங்கே இருக்கும்? எழுதும்போதே அம்மா சொன்னாராம். "கேட்டா என்ன, இருந்தா தரப்போறான்" என்று எழுதியிருக்கிறார். அந்தக் கூட்டத்தில், ரவைக்கு அடித்துக்கொண்டிருக்கிற ஆட்களுக்கு நடுவில், ஷட்டருக்கு வெளியே நின்று தாயக்கட்டை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் என்ன பார்வை பார்த்தாரோ.

கிடைக்காததால், எடுத்த புளியங்கொட்டையில் நாலு பெரியதாகப் பொறுக்கி, திண்ணைச் சிமெண்டில் ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்துவிட்டார். சாக்பீஸில் தரையில் கட்டம். மத்தியானம் சாப்பிட்டதும் ஆரம்பித்தால் கரண்ட் போனாலும் நிறுத்துவதில்லை. கணக்கு வைத்து ஆடியிருக்கிறார்கள். ஜூலை வரைக்கும் அம்மா 61, அப்பா 48. அந்தக் கணக்கு எங்கே என்றேன். காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதியிருந்ததாம், அடுத்த தைக்குப் பழையது எடைக்குப் போய்விட்டது.

கொட்டை இருக்கிறது. அஞ்சறைப் பெட்டியில் கடுகுக் கிண்ணத்துக்கு அடியில். எடுத்துக் காட்டினார்.

கல்லாப்பெட்டி | காலை 10:40

அந்த இரவு என் கடைக்கு யாராவது தாயக்கட்டை கேட்டு வந்திருந்தால் நான் நிச்சயம் திட்டியிருப்பேன்.

நாலு கொட்டையா? எங்கள் பக்கம் ஆறு போட்டு ஆடுவோம்.

உறையூரான் | காலை 10:52

நாலுதான். எல்லாம் கறுப்பு விழுந்தால் எட்டு, எல்லாம் வெள்ளை விழுந்தால் நாலு, ஒரே ஒரு வெள்ளை என்றால் தாயம். அம்மா கணக்கு.

பனங்கொட்டை | காலை 11:06

ஒரு வெள்ளைக்கு இன்னொருக்கா போடலாமோ, இல்லையோ? அம்மாட்டக் கேட்டுச் சொல்லுங்கோ.

உறையூரான் | காலை 11:09

போடலாமாம். அதில்தான் அப்பா ஏமாற்றுவாராம்.